துப்பாக்கி, லைசென்ஸ், ரேஞ்ச்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சட்டத்தைப் பற்றியவை. மீதி ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், கிளம்பிய விவாதங்கள். சட்டம் சார்ந்த பதில்களுக்கு ஆயுதச் சட்டம் 1959, அதற்கு 2019-இல் வந்த திருத்தம், ஆயுத விதிகள் 2016 ஆகிய மூன்றும்தான் அடிப்படை.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் ஒரு கடைக்காரர். கண்டிப்பாக வேண்டும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– மதுரை வாசகர்

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்த ஏர்கன் என்பதுதான் கேள்வி. 2016 விதிகள் இரண்டு எல்லைகளை வைத்திருக்கின்றன. குழலின் விட்டம் 4.5 மி.மீ.-ஐ, அதாவது .177 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குழல் முனையில் பெல்லட்டின் (ஏர்கன்னில் போடும் சிறு ஈயக் குண்டின்) ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் உட்பட்டிருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஒன்றைத் தாண்டினாலும் தேவை. ஆகவே .22 ஏர் ரைஃபிள் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கேட்கும்.

ஆற்றலை நீங்களே கணக்குப் போடலாம். பெல்லட்டின் வேகத்தை (விநாடிக்கு மீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி, வருவதைப் பெல்லட் எடையால் (கிராமில்) பெருக்கி, 2000-ஆல் வகுங்கள். 0.53 கிராம் பெல்லட் 250 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 16.5 ஜூல், உள்ளே. அதே பெல்லட் 280 மீட்டரில் போனால் 20.8 ஜூல், வெளியே. விளம்பரத்தில் ‘விநாடிக்கு 1000 அடி’ என்று இருந்தால், எத்தனை கிராம் பெல்லட் போட்டு அளந்தது என்று கேளுங்கள். 1000 அடி என்பது 305 மீட்டர். 0.53 கிராமுக்கு அது 24 ஜூலைத் தாண்டிவிடும். எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு வேகத்தை உயர்த்திக் காட்டுவது வழக்கமான வியாபாரத் தந்திரம். ஆற்றல் அளவு எழுதப்பட்ட தயாரிப்பாளர் சான்றையும் பில்லையும் வாங்கிப் பெட்டியிலேயே வையுங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் பேச வேண்டியது அந்தக் காகிதம்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எதைச் சுடவும் உரிமை வந்துவிடாது. கொக்கு, புறா, மைனா, காகம் எதுவும் கூடாது. காகத்துக்கு முன்பு சட்டப் பாதுகாப்பு இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மொட்டை மாடியில் குறி அட்டையைச் சுவரில் ஒட்டிச் சுடுவதும் ஆபத்து. பெல்லட் திரும்பி வரும். ஒரு பெட்டிக்குள் 3 மி.மீ. இரும்புத் தகட்டை 45 டிகிரி சாய்வில், பெல்லட் கீழ்நோக்கித் தெறிக்கும்படி பொருத்தி, அடியில் பழைய துணியைத் திணித்து வையுங்கள். கண்ணாடி அணியாமல் ஒரு பெல்லட்கூடச் சுட வேண்டாம்.

தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறோம். பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்க என்ன செய்ய வேண்டும்? எந்தத் துப்பாக்கி நல்லது?
– நாமக்கல் வாசகர்

வயது 21 முடிந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற மாநகரக் காவல் எல்லையில் காவல் ஆணையரிடமும் ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று, மருத்துவச் சான்று (மனநலமும் அதில் அடங்கும்), துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. வருவாய்த் துறையின் அறிக்கையும் கேட்கப்படும். காட்டை ஒட்டிய ஊரென்றால் வனத்துறையையும் கேட்பார்கள். போலீஸ் அறிக்கைக்கு விதிகள் தரும் கெடு 30 நாள். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். மனு எண்ணை வைத்துக்கொண்டு எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மனு எங்கே அடிபடுகிறது தெரியுமா? ‘உயிருக்கு ஆபத்து’ என்று ஒரே வரியில் எழுதுவதில்தான். என்ன ஆபத்து, எப்போது, யாரிடம் புகார் கொடுத்தீர்கள், அந்தப் புகாரின் மனு ஏற்பு ரசீது எங்கே என்பதை இணைக்காத மனு நிற்பதில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் உண்டு.

லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். 2019-க்கு முன் அது 3 ஆண்டு. ஒருவர் அதிகபட்சம் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. புதுப்பிக்கும் மனுவைக் கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கெடு முடிந்த மறுநாள் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை.

எந்தத் துப்பாக்கி? தனியாருக்குக் கிடைப்பவை பொதுவாக .32 ரிவால்வர், .32 பிஸ்டல், 12 போர் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன்), .315 ரைஃபிள், .30-06 ரைஃபிள், .22 ரைஃபிள். 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட வகை, அதைக் கேட்டு மனுப் போடுவது வீண். தோட்டத்து வீடென்றால் 12 போர் போதும். .315 தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பாயும். குறி தப்பினால் அடுத்த ஊரில் யாருக்கு ஆபத்து என்று உங்களுக்கே தெரியாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய பீரோவில் தோட்டா வேறு, துப்பாக்கி வேறாக வைத்திருப்பவரால் நடு ராத்திரியில் அதை எடுத்து நிரப்ப நேரம் இருக்காது. நிரப்பியே தலைமாட்டில் வைத்தால் ஆபத்து முதலில் வீட்டுக் குழந்தைக்குத்தான். சுற்றுச்சுவர், விளக்கு, கேமரா, நாய், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் போன் நம்பர் எல்லாம் முடிந்த பிறகும் தேவை இருந்தால் மனுப் போடுங்கள். திருடன் ஓடும்போது முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்று எல்லை போடுவதும் அதே பிரிவுகள்தான்.

அப்பா காலமாகிவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் 12 போர் வீட்டில் இருக்கிறது. தாத்தா காலத்தது. என் பெயருக்கு மாற்றி, அதில் சுடலாமா?
– சிவகங்கை வாசகர்

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழல் நீளம், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பத்திரம், பழைய லைசென்ஸ் ஆகியவற்றோடு உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். அக்கா வெளிநாட்டில் இருக்கிறார், தம்பி கையெழுத்துப் போடவில்லை என்றுதான் பெரும்பாலான வாரிசு மனுக்கள் நின்றுபோகின்றன. உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழி உண்டு: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர் 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும். அப்பா, மாமா இந்த வயதில் இருக்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள்.

சுடலாமா என்பது தனிக் கேள்வி. குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரும்பின் மேல் சுருள் சுருளாக, மர ரேகை மாதிரி கோலம் ஓடுகிறதா? அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. கரிமருந்துக் காலத்தில் செய்தது. இன்றைய நைட்ரோ (புகையில்லா மருந்து) தோட்டாவின் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. அதைச் சுவரில் மாட்டுவதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும். சுடவோ கூடவே கூடாது. கோலம் இல்லாத குழலென்றால் துப்பாக்கியைப் பிரித்து, குழலின் அடித்தட்டைப் பாருங்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்று முத்திரை குத்தியிருக்கும். ‘நாட் ஃபார் பால்’ என்று இருந்தால் ஒற்றைக் குண்டு போடக் கூடாத, முனை குறுகிய சோக் குழல் என்று பொருள்.

அடுத்தது, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய துப்பாக்கிகளில் அது இரண்டரை அங்குலம், 65 மி.மீ. இப்போதைய தோட்டா 70 மி.மீ. ஆக இருக்கலாம். இந்த 70 என்பது வெடித்து, தோட்டாவின் முனை மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா அதைவிடக் குட்டை என்பதால் 65 மி.மீ. அறைக்குள் இடிக்காமல் உட்கார்ந்துவிடும், ஆபத்தே அதில்தான். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் அறையை அளந்து, குழல் சுவரின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

20 போர் தோட்டா ஒன்றுகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாது. 12 போர் அறைக்குள் 20 போர் தோட்டாவைப் போட்டால் வழுக்கி முன்னால் போய்க் குழலில் சிக்கி நிற்கும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அடுத்துப் போடும் 12 போர் தோட்டா அதன் மேல் வெடித்தால் குழல் பிளக்கும்; போவது இடது கை. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் இதற்காகவே வந்தது.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது, ‘துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுங்கள்’ என்று. எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டுமா?
– தூத்துக்குடி வாசகர்

தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி மாவட்டத்தில் ஒரு ஆய்வுக் குழு உட்கார்ந்து, ஒவ்வொரு லைசென்ஸையும் தனித்தனியாகப் பார்த்து, யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முந்தைய தேர்தல் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகியோர் முதலில் வருவார்கள். எல்லோரையும் மொத்தமாகக் கேட்பது நடைமுறையில் வந்த பழக்கம். வங்கிக் காவலர்களுக்கும், தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு. உறுப்பினர் அட்டை, போட்டி அட்டவணை, கிளப் கடிதம் மூன்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தையாக மறுத்துவிட்டு வீட்டில் வைத்திருப்பது தவறு.

ஒப்படைக்கும்போது குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் பூசுங்கள். தோல் உறையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பின்கட்டையில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். முடிவு வெளியாகி ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். தூத்துக்குடியின் உப்புக் காற்றில் இரண்டு மாதம் கிடந்த துப்பாக்கியை வாங்கிய அன்றைக்கே பிரித்துத் துடையுங்கள்.

மகளுக்கு 12 வயது. துப்பாக்கி சுடுதலில் சேர ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்குவது? என்ன வாங்க வேண்டும்?
– கோவை வாசகி

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். வயது சரிதான், 12 முதல் 21 வரை இளையோர் பிரிவில், மேற்பார்வையோடு பழகலாம். தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷனின் கீழ் வரும் கிளப்பா என்று பாருங்கள். அந்தச் சங்கம், 1951-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தோடு இணைந்தது. இணைப்பு இல்லாத அகாதமியில் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் மாநிலப் போட்டிக்குப் பெயர் போகாது.

சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் ரேஞ்சில் உட்கார்ந்து கவனியுங்கள். சுடாத துப்பாக்கிகளின் அறையில் வண்ணக் கயிறு, அதாவது சேஃப்டி ஃபிளாக், இருக்கிறதா? யாராவது அட்டையை மாற்ற முன்னால் போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறார்களா? பெல்லட் தொட்ட கையால் பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிடுகிறார்களா? பெல்லட் ஈயம், சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட விடும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

முதல் சில மாதங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம். கிளப் துப்பாக்கியே போதும். ரைஃபிளா பிஸ்டலா என்பதை உடல்வாகும் பொறுமையும் காட்டிக்கொடுக்கும். 10 மீட்டர் ரைஃபிளின் 10 புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு, பால்பாயிண்ட் பேனா வைத்த புள்ளி அளவு. பிஸ்டலுக்கு அது 11.5 மி.மீ. ஆனால் ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். ரைஃபிளுக்குக் கனத்த ஜாக்கெட், பேண்ட், ஷூ, கையுறை எல்லாம் வேண்டும். வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் ஓராண்டில் சிறுத்துவிடும். பெரிய பிள்ளைகள் கழித்தது கிளப்பிலேயே கிடைக்கும். பிஸ்டலுக்குத் தட்டை அடி ஷூவும் கண்ணாடியும் போதும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் வளர்ந்தது அகமதாபாத்தில். ககன் நரங் தொடங்கிய அகாதமியில் பழகி, டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ரைஃபிளில் நின்றார். பாரிஸில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமானும் இருந்தார். மகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஏர் பிஸ்டல். வலக்கைக்காரன். எல்லாம் இடது கீழேயே விழுகிறது. சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருப்பி சரிசெய்யலாமா?
– சென்னை வாசகர்

திருப்ப வேண்டாம். வலக்கைக்காரருக்கு ஏழு மணி திசையில் குண்டு விழுந்தால் பெரும்பாலும் டிரிகரைப் பறிப்பதுதான் காரணம். விரலோடு மொத்தக் கையும் சேர்ந்து இறுகுகிறது. முனை கீழே சாய்ந்து இடப்பக்கம் போகிறது. சைட்டைத் திருப்பினால் பறித்த குண்டு நடுவில் விழும். ஒழுங்காக விட்டது வலது மேலே போகும்.

எவ்வளவு சின்ன அசைவு என்று பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 32 செ.மீ. அட்டை 10 மீட்டரில். முன் சைட் பின் காடியில் 1 மி.மீ. விலகினால் அட்டையில் 31 மி.மீ. விலகும். அது 7 புள்ளி. ஆனால் சைட் சரியாக இருந்து கை மொத்தமாக 1 மி.மீ. ஆடினால் அட்டையிலும் 1 மி.மீ.-தான், 10 புள்ளி. அதனால் கை ஆடுகிறதே என்று கலங்க வேண்டாம். பார்வை முன் சைட்டின் மேல் கூர்மையாக நிற்கட்டும். இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்புகள் ஒரே மட்டம். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிவதுதான் சரி.

பயிற்சிக்கு அட்டையைத் திருப்பி மாட்டி வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். வட்டம் இல்லாததால் ‘இப்போ விடு’ என்ற அவசரம் போய்விடும். தினமும் பெல்லட் போடாமல், டிரை-ஃபயர் வசதியில் வெறும் சுவரைப் பார்த்து விசையை அழுத்துங்கள். சத்தம் வந்த பிறகும் சைட் அசையக் கூடாது. விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை விசையில் பட வேண்டும். விரலின் பக்கம் பிடியைத் தொடக் கூடாது. கை உயர்த்தி 8–10 விநாடியில் குண்டு போகாவிட்டால் இறக்கிவிடுங்கள். 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கியபோது ஒரே ஓட்டையில் போட்டது. இப்போது இரண்டு அங்குலம் சிதறுகிறது. குழல் போய்விட்டதா?
– ஈரோடு வாசகர்

குழல் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் ஸ்க்ரூ. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் இரண்டு முறை உதைக்கும். பின்கட்டையின் முன்பக்க ஸ்க்ரூக்களும் டிரிகர் கார்டு ஸ்க்ரூவும் சில நூறு பெல்லட்டில் தளர்ந்துவிடும். இறுக்கிவிட்டு, பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். டெலஸ்கோப் இருந்தால் அதன் மவுண்ட் பின்னால் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. குழல் மடியும் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். துண்டு பறந்தால் மூட்டு வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்றுவது எளிது. துண்டு அசையாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் பிஸ்டன் வாஷர் அல்லது ஸ்பிரிங். மடிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. மடித்த நிலையிலேயே மணிக்கணக்கில் வைத்தாலும் ஸ்பிரிங் தளரும். பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் காற்றுத் தடை இல்லாமல் போய் முட்டி வாஷர் நசுங்கும்.

சுடும்போது புகையும் ‘படார்’ சத்தமும் வந்தால் எண்ணெய் அதிகம். அறைக்குள் போன எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்கிறது. வேகம் கூடியது போல இருக்கும், வாஷர் கருகும். குழலுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

எல்லாம் சரியென்றால் தப்பு பிடியில் இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் சிதறும். இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் சும்மா உட்காரவையுங்கள். உதைப்பு தன் போக்கில் போகட்டும். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்க வேண்டும். பெல்லட் போடும்போது ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். கொக்கி நழுவிக் குழல் மேலெழுந்தால் விரல் போய்விடும்.

பி.சி.பி. ரைஃபிள் (அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும் ஏர் ரைஃபிள்) சிலிண்டருக்கு வெல்டிங் கடையில் ஆக்சிஜன் நிரப்பலாம் என்கிறார்களே?
– ஓசூர் வாசகர்

ஒருபோதும் வேண்டாம். உயர் அழுத்த ஆக்சிஜன், சீலில் இருக்கும் துளி கிரீஸோடு சேர்ந்தால் பற்றி வெடிக்கும். ஈரம் நீக்கிய காற்று மட்டுமே. போட்டி ரைஃபிள்களுக்குப் பெரும்பாலும் 200 பார் (அழுத்த அளவு) வரை. மெதுவாக நிரப்புங்கள்; வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியபின் அழுத்தம் இறங்கும். போட்டித் துப்பாக்கி சிலிண்டர்களின் மேல் தேதி அடித்திருக்கும். பெரும்பாலானவற்றுக்கு 10 ஆண்டு ஆயுள். அது கடந்த சிலிண்டரைப் போட்டியின் உபகரணச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் ரேஞ்சில் தினமும் சண்டை: ரைஃபிள் கஷ்டமா, பிஸ்டல் கஷ்டமா? ரைஃபிள்காரர்களைப் பார்த்து ‘ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சுடு பார்க்கலாம்’ என்கிறோம்.
– சென்னை பிஸ்டல் அணி

ரைஃபிள்காரர்களின் பதிலையும் நான் சொல்கிறேன்: ‘உன் பத்து என் அட்டையில் எங்கே விழும்?’ பிஸ்டலின் 10 வளையத்தின் ஓரத்தைத் தொட்ட குண்டு ரைஃபிள் அட்டையில் 7-ஐத் தாண்டாது. இன்னொரு பக்கம், ஜாக்கெட் துணியின் தடிப்பு 2.5 மி.மீ. என்று விதி கட்டிப்போட்டிருக்கிறது. அது முதுகைத் தாங்கும், மனத்தைத் தாங்காது. ரைஃபிளில் பிழை நிற்கும் நிலையில் ஒளிந்திருக்கும், பிஸ்டலில் விரலில். இரண்டு பேரும் ஒரு நாள் துப்பாக்கியை மாற்றிக்கொண்டு பத்துப் பத்துக் குண்டு போடுங்கள். டீக்காசு யார் தருவது என்று அட்டையே சொல்லும். ‘பெல்லட் சரியில்லை’ என்ற சாக்கு இரு பக்கமும் செல்லாது. அதே டப்பாவிலிருந்து பக்கத்து வரிசைக்காரர் பத்து போட்டிருப்பார்.

காட்டுப்பன்றி கடலையை நாசம் செய்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. சுடலாமா?
– தருமபுரி விவசாயி

உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் சுட முடியாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வனவிலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. உங்கள் கையில் இருப்பது முதலாவது மட்டும். வெடிச் சத்தம் போட்டு விரட்டலாம், அவ்வளவே. 2025-இல் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.-க்குள் பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. உங்கள் நிலத்தின் தூரத்தை சர்வே எண்ணோடு எழுதி, ஊராட்சி வழியாக வனச்சரகருக்கு மனுக் கொடுங்கள். பயிர் இழப்பீட்டுக்குப் படமும் சிட்டாவும் வேண்டும்.

மின்கம்பியை வரப்பில் இழுப்பதும், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் வேண்டாம். அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. மின்கம்பியில் மாட்டி இறந்தவர்களில் பக்கத்துக் காட்டுக்காரர்களும் உண்டு.

குடகுக்காரர்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே, உண்மையா?
– உதகை வாசகர்

உண்மை. குடவ இனத்தவருக்கும் ஜம்மா (பரம்பரை மானியம்) நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் விலக்கு அது. 2019-இல் பத்து ஆண்டுக்கு, 2029 வரை நீட்டினார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. நீலகிரிக்காரர் குடகில் நிலம் வாங்கினால் இந்த விலக்கு வராது.

கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது குற்றமா?
– விழுப்புரம் வாசகர்

குற்றம். 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போனது கீழே வந்தே தீரும்.

அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போகும் பையையே சென்னைக்கும் கொண்டுவருகிறேன். ஒரு தோட்டா தவறிக் கிடந்தால்?
– டெக்சாஸ் வாசகர்

விமான நிலையத்தில் ஸ்கேனர் கண்டுபிடிக்கும், வழக்குப் பதிவாகும், விமானம் போய்விடும். பையில் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. துப்பாக்கியே இல்லாமல் ஒரே ஒரு தோட்டா அகப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை விசா, வேலை எல்லாம் தொங்கும். ரேஞ்சுக்குத் தனிப் பை வையுங்கள். அது முடியாவிட்டால் பையைத் தலைகீழாக உதறி, உள் லைனிங்கின் தையலை விரலால் தடவிப் பாருங்கள்; .22 தோட்டா அங்கேதான் ஒளியும். வெடித்த காலிக் கூட்டையும் நினைவுப் பொருளாகக் கொண்டுவர வேண்டாம்.

துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? தாத்தா அதைத்தான் போடுவார்.
– நாகர்கோவில் வாசகர்

அவர் காலத்தில் வேறு கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்குப் பிடித்துக் காறும். விசைப் பாகங்கள் ஒட்டிக்கொள்ளும். கன் ஆயில் இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். துணியைக் குழலின் பின்பக்கத்திலிருந்து முனை நோக்கித் தள்ளுங்கள். அழுக்கு விசைப் பக்கம் வரக் கூடாது. பிறகு மெல்லிய படலமாக எண்ணெய் பூசுங்கள். தோல் உறையிலும் ஸ்பாஞ்ச் பெட்டியிலும் வைத்துப் பூட்டாதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு பீரோவில் நிறுத்தி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் இருமுறை எடுத்துத் துடையுங்கள். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் குழலில் உள்ள எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முதல் குண்டு வேறு இடத்துக்குப் போகும்.